முதல் ஏழு பேர்

பெரம்பலூர் பெந்தெகொஸ்தே சபைக்குப் புதிதாக வந்த பாஸ்டர் எபனேசர், ஆண்டுவிழா மலருக்காகச் சபையின் வரலாற்றை எழுத உட்கார்ந்தார். சபை தொடங்கிய தேதியே யாருக்கும் தெரியவில்லை.

"குருநாதன் ஐயாவைக் கேளுங்க. ஒரு ஞாயிறு விடாம கவனிச்சவரு" என்றார்கள் விசுவாசிகள்.

குருநாதன் யோசிக்கவேயில்லை. "எண்பத்தேழு, ஜூலை பன்னெண்டு. கீத்துக் கொட்டாயில ஏழு பேரு, ஒரு டிரம்மு."

பாஸ்டர் சிலிர்த்துப்போனார். "அந்த ஏழு பேர்ல நீங்களும் ஒருத்தருங்களா?"

"நான் எதிர் வூடுங்க" என்று பழைய ஃபைலை நீட்டினார் குருநாதன். "சத்தம் தாங்க முடியலைன்னு போலீசுக்கு நான் எழுதின மனுவோட காப்பியெல்லாம் இதுல இருக்கு. கூட்டம் எப்படிப் பெருகுதுன்னு காட்ட, வாராவாரம் தலைய எண்ணி எழுதியிருக்கேன்."

ஏழு, பதினொன்று, முப்பத்திரண்டு... பாஸ்டர் பேனாவைத் திறந்தார்.

"ஸ்தோத்திரம்! அடுத்த மனுவைக் குடுங்கய்யா!"