ஒரு மணி நேர இருட்டு

மொட்டை மாடியில் மல்லாந்து படுத்திருந்தாள் சாரா. வருஷா வருஷம் டிசம்பரில் வரும் எரிகல் மழையில், ஒரு மணி நேரத்தில் எத்தனை விழுகின்றன என்று எண்ணிக் கல்லூரி வானியல் குழுவுக்கு அனுப்ப வேண்டும். போன வருஷம் தெரு விளக்கு வெளிச்சத்தில் ஒன்றுகூடத் தெரியாமல் அழுதுகொண்டே இறங்கினாள். இன்று புண்ணியமாய் விளக்கு எரியவில்லை. நடுவில் எரிந்தால் கணக்கு பாழ்.

கீழே ராயபுரத்துச் சந்தே கூடிவிட்டது.

"தெரு லைட்டு பெட்டில ஃபீஸ் கட்டையே காணோம்! எவனோ அடிச்சிகினு பூட்டான்," என்றான் எதிர்வீட்டு நோயல்.

"அவன் கை வெளங்குமா? பொட்டப் புள்ளைங்க வந்து போற தெரு! லைன்மேனுக்கு போன் போட்டியா நோயலு?" அம்மா சிலுவையம்மாளின் குரல்தான் ஓங்கி ஒலித்தது.

"போட்டேன் அத்தே. டோல்கேட்டாண்ட வந்துகினு கீறாராம்."

'கொஞ்சம் சும்மா இரேன்மா' என்று வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல் மனசுக்குள் கெஞ்சினாள் சாரா.

பதினேழாவது எரிகல் கோடு கிழித்து மறைந்தது. சற்று நேரத்தில் அலாரம் அடித்தது.

மூச்சு வாங்க மாடியேறி வந்தாள் சிலுவையம்மாள்.

"எண்ணி முட்ச்சிட்டியா?"

"முடிச்சிட்டேம்மா."

இடுப்பில் செருகியிருந்த முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஃபீஸ் கட்டையை வெளியே எடுத்தாள் அம்மா.

"பெட்டிக்குக் கீழ வுழுந்து கெடந்துச்சுன்னு குட்த்துட்டு வந்துடறேன். அடுத்த வருசமும் இதே தேதிதானே?"