ரப்பர் முகம்

முகமூடி மாரிச்செல்வத்தின் நெற்றியைத் தாண்டும்போது என் கை வழுக்கியது. அவர் துள்ளி எழுந்தார்.

என் உள்ளங்கை முழுக்கத் தேங்காய் எண்ணெய். இறுக்கமான வளையல் என்றால் எண்ணெய் தடவித்தானே ஏற்றுவோம்? அதே யோசனையில் என் கணவரின் தலை நிறைய வைத்துத் தேய்த்திருந்தேன்.

அவர் முகமூடியைக் கழற்றி, கூடவே வந்த காகிதத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினார். எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் இளகிக் கிழிந்துபோகுமாம்.

"முடிக்கு நல்லதுதானேங்க! ரப்பருக்கு ஆகாதுன்னு நான் என்னத்தைக் கண்டேன்?"

அவர் தலையில் அடித்துக்கொண்டு குளியலறைக்குப் போனார். ஷாம்பூ போட்டு மூன்று முறை அலசினார். நான் முகமூடியை சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, உள்ளே பவுடர் தூவினேன்.

இன்று ஒரு நாள்தான் அவருக்கு வாய்ப்பு. எனக்குப் பயமாக இருந்தால் இதைத் தூக்கி எறிந்துவிடுவதாகவும், பிறகு அந்தப் பேச்சையே எடுக்கப்போவதில்லை என்றும் செய்தி அனுப்பியிருந்தார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதையும் போனில்தான் அனுப்புவார், கொச்சியிலேயே படித்தவர் என்பதால் தமிழை மலையாள எழுத்தில் அடித்து. நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன்.

இந்த ஆசை கல்யாணத்துக்கு முன்பே உண்டாம். மட்டாஞ்சேரியில் பழைய மரச்சாமான் கடையில் அவருக்கு வேலை. பாலிஷ் அடிக்கும்போது மாட்டுகிற ரப்பர் மாஸ்க்கில்தான் தொடங்கியதாம். முகம் முழுக்க ரப்பர் இறுகப் பிடித்தால் உடம்பு சூடாகி, மனசு அடங்கிவிடும் என்று எழுதியிருந்தார். படித்ததும் எனக்கு வெட்கம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் கண்ணை மூடிக்கொள்ளப் பார்க்கிறாரோ என்று இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இருந்தாலும் அவர் அனுப்பியதையெல்லாம் படித்து, ஒன்றுவிடாமல் ஏற்பாடு செய்தேன். போன வாரம் அவருக்குச் சளி. மூக்கடைப்போடு கூடாது என்று நான்தான் தள்ளிப்போட்டேன். நேற்று ரப்பர் ஓரத்தை அவர் மணிக்கட்டில் வைத்துக் கட்டிப் பார்த்தோம், தோல் தடிக்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் கத்தரிக்கோல். அவர் தன் தொடையில் இரண்டு தட்டு தட்டினால் உடனே கழற்ற வேண்டும். தட்டாவிட்டாலும் பத்து நிமிடத்துக்கு மேல் கூடாது. எது நடந்தாலும் நான் அவரை விட்டு நகரக் கூடாது.

மறுபடி மாட்டினோம். நல்ல பகல் வெளிச்சம். கீழே சுக்குக் கிடங்கில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. மூக்குக்கும் வாய்க்கும் மட்டும்தான் திறப்பு, கண்ணுக்கு இல்லை. கழுத்தில் இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்தேன். நுழைந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கழுவி வைத்த கத்திரிக்காய் மாதிரி இருந்தார்.

பிறகு சிரிப்பு நின்றுபோனது.

புறங்கையை அவர் மூக்கடியில் வைத்திருந்தேன். மூச்சு வெதுவெதுப்பாக வந்து போனது. நாலு வருஷம் பக்கத்தில் படுத்திருக்கிறேன், இந்த மூச்சை ஒரு நாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை. ஒவ்வொன்றாக எண்ணினேன். ஒன்று வரத் தாமதித்தாலும் மறு கை கத்தரிக்கோலைத் தேடியது. ஒரு மனிதர் தன் மூச்சை என் கையில் கொடுத்துவிட்டு இவ்வளவு நிம்மதியாக உட்கார முடியுமா? அதுவும் எண்ணெய்க் கையோடு வந்த என்னை நம்பி?

கன்னத்தைத் தொட்டேன். ரப்பர் அதற்குள் அவருடைய சூட்டை வாங்கியிருந்தது. தோள் இறங்கியது. எப்போதும் இறுகியே கிடக்கும் தாடை தளர்ந்தது. என் உள்ளங்கையில் முகத்தைச் சாய்த்துக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

தகரக் கூரையில் மழை விழத் தொடங்கியது.

"கற்பகம், மழை வருதுடி. கொடியில துணி கிடக்கில்லே? போயி எடு."

முகமூடியிலிருந்து வந்த குரல் அது. நான் அசையவில்லை.

மாரிச்செல்வத்துக்குத் திக்குவாய். என் பெயரின் முதல் எழுத்தைத் தாண்டி அவர் ஒரு நாளும் போனதில்லை. பெண் பார்க்க வந்த அன்று அந்த எழுத்திலேயே நின்று, வியர்த்து, தண்ணீர் வாங்கிக் குடித்தார். அதன் பிறகு கூப்பிட முயலவே இல்லை. பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத பழங்காலத்து ஆள் என்று அக்கம்பக்கத்தில் நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே சொல்லி வைத்திருந்தேன்.

தான் சொன்னது அவருக்கே உறைக்கவில்லை. மேலே மேலே பேசிக்கொண்டு போனார். சிவப்புப் புடவை சாயம் விடும் என்றார். வாசலில் செருப்பு கிடக்கிறது என்றார். ஒரு சொல்கூட உடையவில்லை.

துணி நனையட்டும் என்று விட்டுவிட்டேன். கண்ணீர் வழிய வழிய மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பத்து நிமிடம் ஆனது. இன்னும் ஐந்து நிமிடம் விட்டால்தான் என்ன என்று மனசு கெஞ்சியது. என் பெயரை இன்னொரு தடவை கேட்க எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். ஆனாலும் பேச்சு பேச்சுதான். கழுத்தோரம் விரலை விட்டு, மெல்லக் கழற்றினேன்.

வியர்வையில் நனைந்த முகம் வெளியே வந்தது. கண்ணைச் சுருக்கி வெளிச்சத்தைப் பார்த்தார், பிறகு நான் அழுவதைப் பார்த்தார். என்ன நடந்தது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. தாடை பழையபடி இறுகியது.

'க' என்று தொடங்கினார். நின்றுவிட்டார்.

இந்த இடத்தில் எப்போதும் நான் முந்திக்கொள்வேன். சாயாவா, சோறா, போனைக் காணவில்லையா என்று அவர் வாயிலிருந்து பிடுங்கி நானே பேசிவிடுவேன். அது அவருக்குச் செய்கிற ஒத்தாசை என்று நாலு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாயை மூடிக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும்.