தடுக்கி ஓடும் கார்

"படம் கண்ணாடி மாதிரி இருக்குக்கா. ஆனா காரு நொண்டுது," என்றார் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர்.

மகளின் கம்ப்யூட்டரில் மின்விசிறி மாற்ற வந்தவரை, மகனின் அறைக்கும் இழுத்து வந்திருந்தாள் அம்மா.

மகளுக்குத் தசை நோய். முதலில் கால்கள் போயின. இப்போது விரல்கள். அண்ணன் வேலை முடிந்து வந்ததும், இவள் கட்டிலிலும் அவன் தன் அறையிலுமாக கார் பந்தயம் ஓட்டுவார்கள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்பது அப்போது மட்டும்தான்.

தினமும் தோற்பது அண்ணன். வளைவுக்கு வளைவு அவன் கார் உறைந்து நின்று, பிறகு குதிக்கும்.

"படத்தோட துல்லியத்தை, அதான் ரெசல்யூஷனை, உச்சத்துல வெச்சிருக்கார். இந்தப் பழைய மெஷின் அதை இழுக்காது. ரெண்டு படி இறக்கினா படம் லேசா மங்கும், காரு பறக்கும்."

காரு ஏன்டா இப்படி நிக்குது என்று அம்மா எத்தனையோ தடவை கேட்டாயிற்று. படம் அழகா இருந்தா போதும்மா என்பான். போதாததற்குப் போன மாதம் பெரிய ஸ்கிரீன் வேறு. வீடு இருக்கிற இருப்பில் துரைக்குப் பளபளப்பு கேட்கிறது என்று அவளுக்கு எரிச்சல்.

"இறக்கி விடு தம்பி. ஒருநாளாவது உருப்படியா ஓட்டட்டும்."

அன்று மாலை அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். 'என்னண்ணா, தள்ளுவண்டியா அது?' என்ற வழக்கமான நக்கல் வரவே இல்லை.

எட்டிப் பார்த்தாள். மகளின் கைகள் போர்வை மேல் கிடந்தன.

"தோத்துட்டியாடா கண்ணு?"

"ஜெயிச்சேன். கோட்டுக்கிட்ட வந்து வேணும்னே பிரேக் போட்டான்மா." சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கம்ப்யூட்டரை எடுத்துடு. இனிமே வேண்டாம்."

மகனைப் பிடித்து உலுக்கும் வேகத்தில் போனாள் அம்மா. அவன் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதை யாரும்மா இறக்கினது?"

சொன்னாள். அவன் திட்டவில்லை.

"நானா விட்டுக்கொடுத்தா அவ கண்டுபிடிச்சிடுவா. மெஷின் தடுக்கினாதான் சிரிப்பா. அவ விரல் தளரத் தளர ஒவ்வொரு படியா ஏத்திக்கிட்டே வந்தேன்."

அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பழையபடி ஏத்தி வைடா. நான்தான் கையை வெச்சுக் கெடுத்தேன்னு அவகிட்ட சொல்லிக்கிறேன். ரெண்டு படி அதிகமாவே வை. இந்த வாரம் அவளால ஸ்பூன்கூடப் பிடிக்க முடியல."

"பழைய ஸ்கிரீன்ல படி தீந்து போச்சுன்னுதான் பெரிசு வாங்கினேன்," என்றான் மகன். "நேத்து இருந்ததுதாம்மா இதுல கடைசிப் படி."