கேஸ்கட் எரிந்த இடம்

நட்டு விரலுக்கே சுழன்றது.

கழற்றுவதற்கு முன் தூசியைத் துடைக்கலாம் என்றுதான் கை வைத்தார். பாட்டில் மூடி போலக் கையோடு வந்தது.

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

என்ஜினின் மேல்மூடியான ஹெட்டை இறுக்கிப் பிடித்திருக்கிற நட்டு அது. நீளமான கம்பியை மாட்டி, காலை ஊன்றி, உடம்பு பாரத்தை எல்லாம் கொடுத்தால்தான் அசைய வேண்டும்.

ஷெட்டுக்கு வெளியே போடி வெயில். உள்ளே அவரும் பழைய காரும் மட்டும். பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற கையோடு, துருப்பிடித்த வெறும் கூடாக வாங்கி வந்து அவரே ஓட வைத்த கார்.

இந்த வருடம் அதற்கு ஹெட்டுக்கு அடியில் வைக்கிற கேஸ்கட் தகடு எரிந்து போவது மூன்றாவது தடவை. கொஞ்ச நாள் நன்றாக ஓடும். பிறகு சைலன்சரில் வெள்ளைப் புகை வரும். ரேடியேட்டர் கொதிக்கும். ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே மோர் நுரைத்த மாதிரி இருக்கும்.

அவர் எதையும் விட்டுவைக்கவில்லை. ஹெட்டை லேத்தில் கொடுத்து மட்டம் செய்தார். ரேடியேட்டரைச் சுத்தம் செய்தார். வாட்டர் பம்பை மாற்றினார். பிளாக்கில் விரிசல் இருக்குமோ என்று அங்குலம் அங்குலமாகத் தேடினார்.

இல்லை.

ஒன்றுதான் உறுத்திக்கொண்டே இருந்தது. கேஸ்கட் முதல் தடவை முன்பக்கம் எரிந்திருந்தது. அடுத்த தடவை நடுவில். இப்போது கையோடு வந்த நட்டு பின் மூலையில்.

விரிசல் என்றால் இருந்த இடத்தில்தான் இருக்கும். மட்டக் கோளாறும் அப்படித்தான்.

இடம் மாறிக்கொண்டே இருப்பது எது?

ஷெட்டுக்குப் பூட்டு உண்டு. சாவி அவரிடம்தான். ஆகாதவன் எவனாவது பூட்டை உடைத்து வந்து நட்டைக் கழற்றியிருக்கக் கூடாதா என்று ஒரு நிமிடம் ஆசையாக இருந்தது.

யாரும் வரவில்லை.

இந்த நட்டை இறுக்கியது நன்றாக நினைவிருக்கிறது. சரியான அளவுக்கு இறுகியதும் டார்க் ரெஞ்ச் ஸ்பேனர் 'டக்' என்று சொன்னதுகூடக் காதில் இருக்கிறது.

அது எந்த வருடத்து 'டக்'?

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்த பிறகுதான் காலையில் செய்த வேலை நினைவுக்கு வந்தது.

மாப்பிள்ளையின் கார். முன் டயர் இரண்டும் தேய்ந்திருக்கிறது, மலையேறப் போகிறவர்கள், பின் டயரை முன்னால் போட்டுத் தருகிறேன் என்று அவரேதான் வலியப் போய் ஜாக்கி போட்டார்.

இடப்பக்கம் நினைவிருக்கிறது. வீல் ஸ்பேனரைக் காலால் மிதித்து இறுக்கினார். அப்புறம் பேத்தி வந்து முதுகில் தொற்றிக்கொண்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டியைக் காட்டினார்.

வலப்பக்கம்?

வலப்பக்கம் எதுவுமே இல்லை. வெறும் வெள்ளை.

அவர்கள் மூணாறுக்குக் கிளம்பி ஒரு மணி நேரம் இருக்கும். இந்நேரம் போடிமெட்டு மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறிக்கொண்டிருப்பார்கள். ஒரு பக்கம் பாறை. மறு பக்கம் ஒன்றுமில்லை.

கிரீஸ் கையோடு மகள் சுகந்தியை அழைத்தார். மணி அடித்து அடித்து நின்றது.

மறுபடி. தொடர்பு எல்லைக்கு வெளியே.

மறுபடி.

கிரீஸில் வழுக்கிப் போன் என்ஜினுக்கு அடியில் விழுந்தது. மண்டியிட்டுத் துழாவினார். கழன்று உருளும் சக்கரத்தைத்தான் கண் பார்த்தது. அது பேத்தியின் ஜன்னலைக் கடந்து, சாலையைத் தாண்டி, தடுப்புக் கல்லைத் தாண்டிப் போனது.

போன் அடித்தது. மாப்பிள்ளை தவமணி.

"மாமா, சிக்னல் இல்ல. சுகந்தி போன்ல இப்பதான் பாத்தேன். என்ன மாமா?"

"வண்டிய ஓரங்கட்டுங்க மாப்ள. இப்பவே. எறங்கி வீல் நட்டெல்லாம் பாருங்க."

"நிப்பாட்டித்தான் மாமா பேசுறேன். டீ சாப்பிடுறோம்."

"நட்டப் பாருங்க. வலப்பக்கம்."

மலைக்காற்று இரைந்தது. பேத்தி பிஸ்கட் கேட்பது கேட்டது.

"அது நல்லா இருக்கு மாமா."

"பாக்காமச் சொல்லாதீங்க."

"கெளம்புறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன் மாமா."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். போன மூச்சு திரும்பி வந்தது. பாதியிலேயே நின்றது.

"லூசா இருந்துச்சா?"

"விடுங்க மாமா. அதான் இறுக்கியாச்சுல்ல."

"ஒங்களுக்கு எப்பிடித் தோணுச்சு பாக்கணும்னு?"

பேத்தியின் குரல் தள்ளிப் போனது. தவமணி நடந்துகொண்டே பேசினார்.

"சுகந்திதான் பாக்கச் சொன்னா."

சிக்னல் அறுந்துபோனது.

அவர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

ஷெட் வாசலில் இந்திராணி. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. முப்பது வருடத்துக்கும் மேலாக, அவர் முகம் கொஞ்சம் வாடினாலும் என்ன ஏது என்று துளைத்து எடுத்துவிடுகிற மனைவி.

யார் போனில் என்று அவள் கேட்கவில்லை.

என்ன ஆச்சு என்றும் கேட்கவில்லை.

"எப்பருந்து தெரியும் ஒங்களுக்கெல்லாம், எனக்கு மறந்து போறது?" என்றார் அவர்.