கண்ணாடி கேட்ட பெயர்

“அந்த நோய் பேரைச் சொன்னா நம்ம வீட்டுக்கும் வந்துருமாம்மா?” என்று மகன் ஆறு வயதில் கேட்டபோது, “ஆமா, வாயை மூடு” என்றாள் அமலோற்பவம். இன்று அவள் சொல்லாமலே அது வந்துவிட்டது.

தினமும் உடலைச் சோதித்துச் சொல்லும் குளியலறைக் கண்ணாடி கனிவாகவே பேசியது. “உங்கள் கணையத்தில் புற்றுநோய். முதல் படியாக, அதன் பெயரை உங்கள் வாயால் சொல்லுங்கள். பத்து மணிக்குள் சொன்னால்தான் நாளை மருத்துவரைப் பார்க்க முடியும்.”

அவளுக்குத் திறந்த குழாயை மூடவும் தோன்றவில்லை. “அந்த வியாதி” என்றாள்.

“ஏற்கப்படவில்லை. இன்னும் ஒன்பது நிமிடம்.”

அழுகை கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு ராக்கு, குழாயை மூடி, அவளை முக்காலியில் உட்கார வைத்தாள். கண்ணாடி மறுபடியும் நோயின் பெயரைக் கேட்டது. “யக்கா, ஊரையே வாய்ல போட்டு மெல்லுவ, இந்த ஒரு வார்த்தை வராதா? நான் இருந்தா கூச்சமா? வெளிய நிக்கிறேன், சொல்லு.” கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அமலோற்பவம் சிலுவை போட்டுக்கொண்டு, “புத்துநோய்” என்றாள். நேரம் பதிவாகிவிட்டதாகச் சொல்லிக் கண்ணாடி அணைந்தது.

அவள் எழவில்லை. “எனக்கு என்ன வியாதி, சொல்லேன் புள்ள” என்று சாகும்வரை கெஞ்சிய கணவனிடம், வெறும் வயிற்றுப்புண் என்றே அவள் சாதித்திருந்தாள். இப்போது, யாருமில்லாத அந்த அறையில், மெதுவாகச் சொன்னாள்.

“ஒங்களுக்கும் இதேதாங்க. புத்துநோய்தான்.”