விடை: மைனஸ் அரை

"செங்குத்துக் கோட்டுக்குச் சமன்பாடு கேட்டா, இணைகோட்டுக்கு எழுதி வெச்சா எப்படி?" என்று நோட்டில் சிவப்பு மையால் சுழித்தாள் அவள்.

அவன் அசடு வழிந்தான்.

"கொடுத்த கோட்டோட சாய்வு ரெண்டு. அதை எதால பெருக்கினா மைனஸ் ஒண்ணு வரும்?"

"மைனஸ் அரை."

"அப்பாடா! புரிஞ்சுதே!"

அவள் சிரித்ததைப் பார்த்ததும் அவன் பேனாவைக் கீழே வைத்தான்.

"பதவி உயர்வுக்குப் பத்தாவது பாஸ் பண்ணணும்னதும் உன்கிட்ட வந்து உட்கார்ந்துட்டேன். கல்யாணமான புதுசுல நீ டீச்சர் வேலைக்குப் பரீட்சை எழுதக் கிளம்பினப்போ, ஹால் டிக்கெட்டைக் கிழிச்சவன் நான்தானே? இப்பவாவது எழுதேன்."

அவள் நோட்டிலிருந்து நிமிரவில்லை.

"போன மாசத்தோட வயசு தாண்டிடுச்சுங்க. அடுத்த கணக்கைப் போடுங்க."