கார்டு பொய் சொல்லாது

"ஐயா, இவுகளுக்குப் பென்சிலின் ஊசி ஆகாதுய்யா! முந்தி ஒரு தடவ போட்டு, மேலெல்லாம் வீங்கி, மூச்சே நின்னுபோகப் பாத்துச்சு!" செண்பகவல்லி கையெடுத்துக் கும்பிட்டாள்.

மில் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் போட்ட ஊசி மருந்தைக் குறித்துவைக்கும் புது கார்டு முறை வந்ததிலிருந்து, மாட்டுங்காவிலிருந்து வரும் டாக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காமல் டிராயரை இழுத்து ஒரு கார்டை எடுத்தார்.

"இசக்கிப்பாண்டி, தாராவி. போன தீபாவளிக்கு உன் புருஷனுக்கு இதே ஊசிதான் போட்டிருக்கோம். ஒண்ணும் ஆகலே. கார்டு பொய் சொல்லாதும்மா."

"துளி போட்டு டெஸ்ட் பண்ணியாவது பாருங்கய்யா..."

"அப்புறம் கார்டு எதுக்கு?"

காய்ச்சலில் கொதித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தவன், அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்து, சொல்லாதே என்பதுபோல் தலையாட்டினான். சொன்னால் குடும்பமே தெருவுக்கு வந்துவிடும். சொல்லாவிட்டால்?

டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றினார்.

அவள் பரிதவித்து வாசலைப் பார்த்தாள். நோயாளியைத் தோளில் சுமந்துவந்த ஆள் அங்கே சுவரோடு ஒட்டி நின்றிருந்தான்.

"நிறுத்துங்க சார்!" அவன் பாய்ந்து வந்து டாக்டரின் கையைப் பிடித்தான். "இவன் எம் மச்சினன், இவ கூடப்பொறந்தவன். ஊர்லேருந்து பொழைக்க வந்தவன். அந்தக் கார்டுல இருக்குற இசக்கிப்பாண்டி நாந்தான்."

அப்போதுதான் டாக்டர் நிமிர்ந்தார். "உன் கார்டுல அடுத்தவனுக்கு வைத்தியம் பாத்தா மில்லுல உன் வேலை போயிடும், தெரியுமா?"

"தெரியும் சார். மொதல்ல ஊசியைக் கீழ வைங்க."